இரண்டு பேர், ஒரு டிக்கெட்

கரோலின் மாளிகைக்குள் போகக் கட்டணம் ஆளுக்குப் பதினைந்து வெள்ளி. செருப்பைக் கழற்ற வேண்டும். சுவரைத் தொடக்கூடாது. மெத்தை நாற்காலியில் உட்காரக்கூடாது. சுற்றிப் பார்த்து முடித்ததும் வாசல் மேசையில் இருக்கும் வருகைப் புத்தகத்தில் பேர் எழுதிவிட்டுப் போக வேண்டும். இந்தக் கடைசி விதிக்காகத்தான் குமுதா பாலம் தாண்டி பினாங்குத் தீவுக்கு வந்திருந்தாள்.

"மூணு டிக்கெட், நாப்பத்தஞ்சு வெள்ளி," என்றார் தம்பு. "செத்துப்போன வெள்ளைக்காரன் வீட்டைப் பாக்க இவ்ளோ கூட்டமா? என் வீட்டையும் வந்து பாருங்க லா, கூரை ஒழுகுது, தோட்டம் காடு மாதிரி கிடக்கு, காப்பியும் போட்டுக் குடுக்கிறேன்னு சொன்னா ஒருத்தனும் வர மாட்டேங்கிறான்."

"உங்க வீட்டுல நீங்க இருக்கீங்களே அண்ணே. இங்க சொந்தக்காரன் இல்ல. அதான் கூட்டம்."

குமுதாவின் உதவியாளான தம்பு ஜுருவில் இருபது வருடம் பழைய கார், ஊர்ப் பேச்சில் காடி, விற்றவர். பொய் சொல்கிறவன் முகத்தை ஐந்து நிமிடத்தில் படித்துவிடுவார். அதே முகத்தோடு இருபது வருடம் பிழைத்தவர் அல்லவா. குமுதா இன்சூரன்ஸ் கம்பெனியில் ஒன்பது வருடம் பொய்க் கிளெய்ம்களைத் துருவியவள். அந்த வேலையை விட்டபின், புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேலே சின்ன ஆபீஸ் போட்டுக் காணாமல் போனவர்களைத் தேடிக்கொடுக்கிறாள். கண்டுபிடித்தவர்களில் பாதிப் பேர் கண்டுபிடிக்கப்படுவதை விரும்பவில்லை. அது அவளுக்குப் பழகிப்போன விஷயம்.

மூன்றாவது டிக்கெட்டுக்காரர் வெளியே, முன்வாசல் தூணருகே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெயர் சந்திரசேகரன். எழுபத்துநாலு வயது. அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்காரர். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மடியில் ஒரு துணிப்பை. பைக்குள் காலையில் கோயிலில் மகன் பேருக்கு அர்ச்சனை செய்து வாங்கிய சர்க்கரைப் பொங்கல். அதோடு பன்னிரண்டு கலர் பென்சில் அடங்கிய ஒரு புதுப் பெட்டி.

அவருடைய மகன் ஸ்ரீகரன் ஏழு வருடத்துக்கு முன்னால், 2018 தீபாவளியன்று, வீட்டை விட்டுப் போனவன். நல்ல படிப்பு படித்துவிட்டுத் தோட்ட வேலைக்குப் போனான். அது முதல் குற்றம். நிபோங் திபாலில் எஸ்டேட் குடும்பத்துப் பெண் அதிராவைக் கட்டிக்கொள்வேன் என்றான். அது இரண்டாவது. பலகாரத் தட்டு பறந்தது. அன்றைக்குப் போனவனைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை என்று சந்திரசேகரன் சொல்லியிருந்தார். போலீசில் புகார் கொடுக்கவில்லை. கேட்டதற்கு, "கோபத்தில போன பிள்ளையைப் போலீஸ் வச்சுப் பிடிக்கிறதோ?" என்றார்.

இரண்டு வாரத்துக்கு முன் அவருடைய பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் மூத்த குடிமக்கள் சுற்றுலாவில் இந்த மாளிகைக்கு வந்தார். பொழுது போகாமல் வருகைப் புத்தகத்தைப் புரட்டினார். தமிழில் எழுதிய ஒரு பேர் கண்ணில் பட்டது. ச. ஸ்ரீகரன். போன வருடம் ஒன்று, அதற்கு முந்தின வருடங்களில் ஒவ்வொன்று. மூன்று பக்கங்களையும் போனில் படம் பிடித்துக்கொண்டு போய்க் காட்டினார். அன்றிலிருந்து கிழவர் தூங்கவில்லை.

படங்களை வாங்கிப் பார்த்ததும் அவர் கண்டுபிடித்தது இதுதான்: மூன்று தேதிகளும் ஐப்பசி மாதம், மகன் பிறந்த அனுஷ நட்சத்திரத்தை ஒட்டி வந்தன. ஒரு வருடம் சரியாக அன்றைக்கே. மற்ற இரண்டு வருடமும் ஒரு நாள் முன்னே பின்னே.

"லீவு கிடைக்கோணுமே பிள்ளை," என்று அதற்கும் சமாதானம் சொல்லியிருந்தார். "அவன் தன்ட நட்சத்திரத்துக்கு இங்க வாறான். இந்த முறை அனுஷம் வெள்ளிக்கிழமை, இருபத்துநாலாந் தேதி. நாங்கள் அண்டைக்குப் போய் வாசல்ல இருப்பம்."

அந்த வெள்ளிக்கிழமை இன்றைக்கு. மணி பத்தரை.

குமுதா மேசைக்குப் போனாள். டிக்கெட் கொடுக்கும் ஷாஹிரா புத்தகத்தைத் தாராளமாக நகர்த்தி வைத்தாள். பெரிய தோல் அட்டைப் புத்தகம். தேதி, பேர், எத்தனை பேர், டிக்கெட் எண், குறிப்பு என்று ஐந்து கட்டம்.

குமுதா கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். அப்படியே நின்றாள்.

"என்ன பாஸ்?"

"வந்துட்டுப் போயாச்சு."

தம்பு எட்டிப் பார்த்தார். நீல மையில், சாய்வில்லாத நேரான தமிழ் எழுத்து. 23-10-2025. ச. ஸ்ரீகரன்.

"நேத்தா? அலாமா! ஏழு வருஷம் பொறுத்தவன் ஒரு நாள் பொறுக்கக் கூடாதா?"

"அண்ணே, மெதுவா. கிழவருக்குக் கேட்டுடப் போகுது."

எத்தனை பேர் என்ற கட்டத்தில் 2. குறிப்புக் கட்டத்தில் மூன்றே சொல்: 61 இன்னும் பூக்கல.

பழைய மூன்று வருடத்திலும் அதே 2, அதே குறிப்பு. அந்த இரண்டாவது ஆள் பேரப்பிள்ளை என்று நம்பித்தான் கிழவர் கலர் பென்சில் வரை போயிருந்தார். குமுதா எதிலும் விரல் வைக்காமல் டிக்கெட் எண் கட்டத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு பேர்னு எழுதியிருக்கு. ஒரு டிக்கெட் நம்பர்தான் இருக்கு."

தம்பு சுவரில் இருந்த கட்டணப் பலகையைக் காட்டினார். "ஆறு வயசுக்குக் கீழ ஃப்ரீ. சின்னப் பிள்ளையைக் கூட்டிட்டு வந்திருப்பான். பெரியவர் சொல்றதும் சரிதான் போலயே."

குமுதா ஷாஹிராவிடம் மலாயில் கேட்டாள். நேற்று இந்த வரியை எழுதினவரை ஞாபகம் இருக்கிறதா?

ஷாஹிரா கொஞ்சம் யோசித்தாள். "ஒரு அக்கா. பச்சைப் பாஜு உடுப்பு. தனியாத்தான் வந்தாங்க. வீட்டுக்குள்ள போகவே இல்ல, நேரா தோட்டத்துக்குப் போனாங்க. போன வருஷமும் நான்தான் டூட்டி. அப்பவும் தனியாத்தான்."

"குழந்தை?"

"இல்ல."

தம்பு கட்டணப் பலகையை மறுபடி படித்தார்.

அவர்கள் கூடத்தைத் தாண்டி நடந்தார்கள். தோட்டத்துக்குப் போகும் வழியில் நீளச் சுவர் முழுக்கப் பழைய புகைப்படங்கள். கரும்புத் தோட்டத்துத் துரை தன் மனைவி கரோலினுக்காக இந்த வீட்டைக் கட்டினார் என்றும், மூன்று வருடத்தில் அந்த அம்மாள் காய்ச்சலில் போய்விட்டார் என்றும் பலகை சொன்னது. அதற்குப் பிறகு ஒரு சீனத் தவுக்கே முதலாளி, அவர் பிள்ளைகள், அவர்களின் வழக்குகள், முப்பது வருடம் பூட்டு. ஒரு படத்தில் துரை, மூன்று நாய், பின்னால் மண்வெட்டியோடு இருபது தமிழ் ஆள்கள். கீழே பேர் போட்டிருந்தது. துரைக்கு ஒன்று, நாய்களுக்கு மூன்று.

"நாய்க்கெல்லாம் பேர் எழுதியிருக்காங்க," என்றார் தம்பு.

"கூப்பிட்டா வர்றதுக்கு."

அந்தப் படத்தின் ஓரத்தில் கோட்டும் தலைப்பாகையுமாக ஒரு ஆள், கையில் புத்தகத்தோடு நின்றார். போன வாரம் ஆபீசில் சந்திரசேகரன் சொன்னது குமுதாவுக்கு ஞாபகம் வந்தது. அவருடைய தாத்தா இந்த வீட்டில்தான் கிளார்க். காலையில் ஆள் கணக்கு எடுப்பார். எட்டேகாலுக்கு வருகைப் பதிவில் சிவப்புக் கோடு. கோட்டுக்கு மேலே கையெழுத்துப் போட்டவனுக்கு முழு நாள். கீழே போட்டவன் தாமதம். அந்த வழக்கத்தை அப்பாவும் செய்தார், தானும் முப்பத்தாறு வருடம் செய்ததாகச் சொல்லும்போது கிழவரின் முதுகு நிமிர்ந்தது. "ஒருத்தருக்கும் கோட்டைத் தள்ளிப் போட்டதில்லைப் பிள்ளை. பெரியவர் சின்னவர் எண்டு பார்த்ததில்லை."

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவன் மண்வெட்டி ஆள்களோடு போய் நின்றுவிட்டான். அவருக்கு எங்கே வலித்தது என்று புரியாமல் இல்லை.

அதே நாளில்தான் இன்னொன்றையும் அவள் கவனித்தாள். சந்திரசேகரனுக்கு எண்கள் மறப்பதில்லை. 1979-இல் வாங்கிய முதல் காடியின் நம்பர், ஓய்வு உத்தரவுக் கடிதத்தின் எண், வீட்டுத் தண்ணீர் மீட்டர் நம்பர் எல்லாம் வாயில் இருந்தது. மகனின் ஐசி நம்பர், அடையாள அட்டை எண், மட்டும் மறந்துபோயிற்று. அது இருந்தால் பதிவு இலாகாக் கவுன்டரில் பத்து நிமிட வேலை. குமுதா குறிப்பேட்டில் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தாள்.

பின்வாசல் படியில் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

"அண்ணே, போன வருஷம் தீபாவளி என்னைக்கு?"

"அக்டோபர் முப்பத்தொண்ணு. சம்பளம் போட்ட அன்னைக்கே எல்லாம் காலி, எப்படி மறக்கும்?"

"அவங்க வந்தது நவம்பர் மூணு."

"சரி."

"அதுக்கு முந்தின வருஷம் தீபாவளி நவம்பர் பன்னண்டு. வந்தது பதினஞ்சு. இருபத்திரண்டுல தீபாவளி அக்டோபர் இருபத்துநாலு. வந்தது இருபத்தேழு. இந்த வருஷம் போன திங்கக்கிழமை தீபாவளி."

தம்பு விரலை மடக்கினார். "நேத்தோட மூணு நாள். எல்லா வருஷமும் மூணு நாளா?"

"எல்லா வருஷமும். நட்சத்திரத்தை வச்சுப் பாத்தா நாலு வருஷத்துல ஒண்ணுதான் பொருந்துது. லீவு கிடைக்கலன்னு கிழவர் சொன்னாரு. நேத்து வியாழக்கிழமை லீவு கிடைச்சவங்களுக்கு இன்னைக்கு வெள்ளிக்கிழமை கிடைக்காதா? அவங்க நட்சத்திரம் பாத்து வரல அண்ணே. ஐப்பசி அமாவாசை கழிச்சு ரெண்டாம் பிறை. வளர்பிறை துவிதியை. நாலு வருஷமும் ஒரு நாள் பிசகல. அவங்க பாக்கிறது திதி."

தம்பு புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. அவர் முகத்தில் இருந்த காடி வியாபாரி எழுந்து போய்விட்டான்.

நம் ஆள்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிறந்த நாளை நட்சத்திரம் பார்த்துக் கொண்டாடுவார்கள். இறந்த நாளைத் திதி பார்த்துக் கும்பிடுவார்கள். இந்த இரண்டும் ஐப்பசியில் அக்கம் பக்கத்தில் வந்து விழுந்ததால்தான் சந்திரசேகரன் ஏமாந்தார். அவர் பஞ்சாங்கத்தை விரித்துப் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்துவிட்டார். அல்லது பார்க்க விரும்பிய கட்டத்தை.

"பாஸ்," என்றார் தம்பு மெதுவாக. "பெரியவர் பொங்கல் வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."

"தெரியும்."

"அந்த அறுபத்தொண்ணு என்னன்னு பாத்துட்டுச் சொல்லலாமா? நான் முதல்ல நாலு நம்பர் லாட்டரி எழுதலாம்னுதான் நினைச்சேன். ரெண்டு நம்பர்தான் இருக்கு, பத்தாதுன்னு..." பாதியில் நிறுத்தினார். சிரிப்பு வரவில்லை.

குமுதா டிக்கெட்டோடு கொடுத்த மடிப்புத் தாளை விரித்தாள். பின்பக்கம் தோட்டத்தின் வரைபடம். மரங்களுக்கெல்லாம் எண். அறுபத்தொன்று கிழக்கு மூலையில், பழைய குதிரை லாயத்துக்குப் பின்னால். நாகலிங்கம்.

தோட்டம் நன்றாகத்தான் இருந்தது. துரை காலத்து ஜாதிக்காய் வரிசை, தாமரைக் குளம், மல்லிகைப் பந்தல், புல்லில் ஒரு சருகு இல்லை. கல்யாண ஜோடி ஒன்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. லாயத்தைத் தாண்டினால் யாரும் இல்லை. அங்கே பெரிய வட்டமாக, பழைய அங்சானா மரம் ஒன்றின் அடிக்கட்டை. அதற்குப் பத்தடி தள்ளி, ஆள் உயரத்துக்கு இரண்டு பங்கு வளர்ந்த ஒல்லி மரம். தகரத்தில் 61. அடியில் வாழை இலை ஒன்று, காக்கையும் எறும்பும் முடித்துவிட்டு மிச்சம் வைத்தது: கொஞ்சம் சோறு, ஒரு வடை ஓரம்.

ஒரு பெரியவர் ஈர்க்குமாறோடு வந்தார். வெள்ளைத் தொப்பி, ரப்பர் பூட்ஸ். சட்டைப் பையில் பேர் தைத்திருந்தது: ஷேக் அலாவுதீன்.

"அந்த இலையை எடுத்துடாதீங்க வாப்பா. இன்னைக்கு சாயங்காலம் நானே எடுத்துருவேன். நம்ம புள்ள வச்சது."

"அதிராவா?" என்றாள் குமுதா.

ஈர்க்குமாறு நின்றது. "உங்களுக்குத் தெரியுமா?"

"இனிமேத்தான் தெரியணும் பாய். 2018 தீபாவளி நவம்பர் ஆறு. ஸ்ரீகரன் தவறினது அதுலேர்ந்து மூணு நாள் கழிச்சு, ஒன்பதாந் தேதிதானே?"

ஷேக் அலாவுதீன் அவளையும் தம்புவையும் மாறி மாறிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நான் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. யாரும்மா நீங்க?"

குமுதா சொன்னாள். கிழவர் முன்வாசலில் இருப்பதை மட்டும் சொல்லவில்லை. ஷேக் அலாவுதீன் அடிக்கட்டையில் உட்கார்ந்தார்.

"வீட்டைத் தொறக்கிறதுக்கு முன்னால தோட்டத்தைச் சீர் பண்ண எங்க செட்டு வந்துச்சு. அதுக்கு ஸ்ரீ தம்பிதான் தலை. படிச்ச பையன், ஆனா வெட்டுறதுக்கு முதல் ஆளா குழியில இறங்கும். அந்த வருஷம் ஆகஸ்ட்லயே ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் பண்ணிட்டாங்க. சாட்சிக் கையெழுத்து நான். தீபாவளிக்கு அப்பாக்கிட்ட சொல்லிட்டு வர்றேன்னு போச்சு. முகம் வீங்கித் திரும்பி வந்துச்சு. ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாள் கழிச்சு புயல் காத்து. இந்த அங்சானா ஆடுது. எல்லாரையும் லாயத்துக்குள்ள போகச் சொல்லிட்டு, அடியில தொட்டியில நின்ன நாகலிங்கக் கன்னைத் தூக்க ஓடுச்சு. கிளை விழுந்துச்சு."

மரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"கன்னுக்கு ஒண்ணும் ஆகல."

கல்யாண ஜோடியின் சிரிப்புச் சத்தம் எங்கிருந்தோ வந்தது.

"வருஷா வருஷம் வருது. வீடு தொறக்கிற வரைக்கும் வெளிக் கேட்டுல நின்னுட்டுப் போகும். இப்ப டிக்கெட் வாங்கிட்டு உள்ள வருது. நான் சொல்றேன், எதுக்கும்மா டிக்கெட், பின்பக்கமா வான்னு. வேணாம் பாய், அவரு பேரை எழுதணும்னு சொல்லும். அவரு போட்ட தோட்டம், அவரும் வந்து பாத்துட்டுப் போனதா இருக்கட்டும்னு."

"அதான் ரெண்டு பேர்," என்றார் தம்பு.

"ஸ்ரீ தம்பி வீட்டுல யாருக்கும் சொல்லலையா பாய்?" என்று குமுதா கேட்டாள். இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"சொல்லாமலா? அடிபட்ட அன்னைக்கே இந்தப் புள்ள நனைஞ்சுக்கிட்டு புக்கிட் மெர்தாஜாமுல அவங்கப்பா வீட்டுக்குப் போச்சு. யாரும் வரல. முடிஞ்சபிறகு என் போன்லேர்ந்து அடிச்சோம். எடுக்கல. மறுநாள் பத்து மணிக்கு பாடியை எடுக்க வேண்டியது. அவங்கப்பா வருவாருன்னு மூணு மணி வரைக்கும் வச்சிருந்தோம். பூசாரி கோவிச்சுக்கிட்டாரு. இந்தப் புள்ள மட்டும் இன்னும் பத்து நிமிஷம், இன்னும் பத்து நிமிஷம்னு சொல்லிக்கிட்டே..."

"ஆர் கொள்ளி வச்சது?"

மூன்று பேரும் திரும்பினார்கள்.

சந்திரசேகரன் லாயத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. துணிப்பை கையில் தொங்கியது.

குமுதா ஒன்பது வருடம் கெட்ட செய்தி சொல்லிப் பழகியவள். கேட்கிறவர்கள் முதலில் யார் என்பார்கள். அல்லது பொய் என்பார்கள். அல்லது எப்போது என்பார்கள். இவர் அந்த மூன்றையும் கேட்கவில்லை. ஏழு வருடத்துக்கு முன்பே அவற்றைத் தாண்டி வந்துவிட்ட ஆள்தான் நேரே கொள்ளிக்குப் போக முடியும்.

"அந்தப் புள்ளதான் வச்சுச்சு," என்றார் ஷேக் அலாவுதீன். யார் இவர் என்று கேட்க அவருக்கும் தேவைப்படவில்லை. ஜாடை அப்படி. "ஆம்பளை யாரும் இல்ல."

சந்திரசேகரன் தலையை ஆட்டினார். அலுவலகத்தில் ஒரு தகவலைக் குறித்துக்கொள்கிறவர் மாதிரி.

"ஐயா," என்றாள் குமுதா. "உங்க மகனோட ஐசி நம்பர் என்ன?"

தம்பு அவள் கையைத் தட்டினார், இப்போது எதற்கு என்பது போல. ஆனால் கிழவர் சொன்னார். பன்னிரண்டு இலக்கத்தையும் ஒரே மூச்சில், தடுமாறாமல், மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மறக்கேல்லைப் பிள்ளை. அதைத் தந்தால் நீர் போய்க் கேட்டிருப்பீர். அவை சொல்லியிருப்பினம்."

"அதிரா வந்தது உங்களுக்குத் தெரியும்."

"ஓம். மழை. கேட்டுக்கு வெளியில நிண்டு சொன்னவள். மரம் விழுந்திட்டுது, ஆஸ்பத்திரியில இருக்கிறார், உங்களைத்தான் கேக்கிறார் எண்டு. என்னைச் சமாதானம் பண்ண நாடகம் போடுறாள் எண்டு நினைச்சன். உள்ள போய் டிவியின்ட சத்தத்தைக் கூட்டினனான். ராத்திரி முழுக்கப் போன் அடிச்சது, கழட்டி வச்சன். இரண்டு நாள் கழிச்சுத்தான் உண்மையா இருக்குமோ எண்டு பயம் வந்தது. பிறகு கேக்கப் பயம்." மூச்சு வாங்கினார். "ஒருத்தரும் சொல்லாட்டில் அவன் எங்கையோ இருக்கிறான்தானே. அப்பிடியே ஏழு வருசம் இருந்திட்டன். புத்தகத்தில பேரைப் பார்த்ததும், பார்த்தீரோ, அவள் சொன்னது பொய், நான்தான் சரி எண்டு..."

குமுதா ஆறுதல் சொல்லவில்லை. உங்கள் தப்பு இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவருடைய தப்புத்தான். அவரும் கிளார்க், அவளும் ஒரு வகையில் கிளார்க்; பொய்க் கணக்கு எழுதி இருவருக்கும் பழக்கமில்லை.

சந்திரசேகரன் மரத்தடியில் குந்தினார். முழங்கால் சத்தம் போட்டது. பொங்கலை எடுத்தார். பிறந்த நாளுக்கென்று வாங்கினது. அதை இலையில் வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அந்த வடை ஓரத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது எப்ப பூக்கும்?" என்று கேட்டார்.

"நிச்சயமாச் சொல்ல முடியாதுங்க," என்றார் ஷேக் அலாவுதீன். "இன்னும் ரெண்டு வருஷம் ஆகலாம். அஞ்சும் ஆகலாம்."

"அவள் இப்ப எங்க?"

"நிபோங் திபால்தான். தாடிக்காவுல, பாலர் பள்ளியில, சின்னப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குது. நம்பர் இருக்கு, வேணுமா?"

கிழவர் இலையின் ஓரத்தை நேராக்கினார். "இப்ப வேண்டாம். என்ன கதைக்கிறது?" பிறகு குமுதாவைப் பார்த்தார். "அடுத்த வருசம் எந்த நாள் வருது பிள்ளை? நட்சத்திரம் இல்லை. மற்றது."

குமுதா போனில் பார்த்தாள். "தீபாவளி நவம்பர் எட்டு. திதி பதினொண்ணாந் தேதி. புதன்கிழமை."

சட்டைப் பையிலிருந்து சின்ன டைரியை எடுத்து எழுதிக்கொண்டார். எழுத்து ஆடவில்லை. முப்பத்தாறு வருடப் பழக்கம்.

அவர்கள் திரும்பி நடந்தார்கள். தம்பு கிழவரின் பையை வாங்கிக்கொண்டார். வழியில் அந்த நாய்ப் படத்துக்கு முன்னால் சந்திரசேகரன் ஒரு கணம் நின்றார். தலைப்பாகைக்காரரைப் பார்க்கவில்லை. பின்வரிசை மண்வெட்டிக்காரர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

வாசல் மேசையில் ஷாஹிரா புத்தகத்தை நகர்த்தி, எழுதிவிட்டுப் போகச் சொன்னாள். விதி விதிதான். குமுதா தனக்கும் தம்புவுக்கும் எழுதப் பேனாவை எடுத்தாள். சந்திரசேகரன் கையை நீட்டி அவளைத் தடுத்தார்.

நேற்றைய வரியை விரலால் தேடிக் கண்டுபிடித்தார். ச. ஸ்ரீகரன். 2. அதற்குக் கீழே வெற்று வரிகள். நேற்று மூடும் நேரத்தில் எழுதிய கடைசி வரி அது; இன்றைக்கு வந்தவர்கள் யாரும் இன்னும் சுற்றிப் பார்த்து முடித்து எழுதவில்லை.

"அந்தப் பென்சில் பெட்டி," என்றார்.

தம்பு எடுத்துக் கொடுத்தார். கிழவர் மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை நகத்தால் கிழித்தார். பன்னிரண்டு கலரும் முனை தீட்டியபடி வரிசையாக இருந்தன. சிவப்பை எடுத்தார். டிக்கெட் அட்டையை அளவுகோலாக வைத்து, மகனின் பேருக்குக் கீழே, பக்கத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு கோடு போட்டார். நேரான கோடு.

ஷாஹிரா ஏதோ கேட்க வாயெடுத்தாள். தம்பு வேண்டாம் என்று தலையசைத்தார்.

சந்திரசேகரன் பேனாவை வாங்கினார். கோட்டுக்குக் கீழே தேதியை எழுதினார். பேரை எழுதினார். எத்தனை பேர் என்ற கட்டத்தில் 1 என்று போட்டார். குறிப்புக் கட்டத்தில் ஒரே சொல்: தாமதம். பிறகு குனிந்து, மை காய்வதற்காக மெல்ல ஊதினார்.